சாயம் பூசின சிப்பி: ஒரே ஜீவனுக்கு எத்தனை பேரு?

(எபிசோடோட எழுத்து வடிவம் இது. பேச்சுல வந்த தடுமாற்றத்தையும், நடுவுல குக்கர் விசில் அடிச்ச இடத்தையும் வெட்டிட்டேன். மத்தபடி பேசினது பேசினபடிதான்.)



சென்னை எழும்பூர்ல இருந்து சாயங்காலம் ஒரு ரயில் கிளம்பும். பேரு முத்துநகர் எக்ஸ்பிரஸ். எங்க ஊருக்குப் போற வண்டி. மறுநாள் காலைல தூத்துக்குடில இறங்கினா முத்து ஜுவல்லரி, முத்து லாட்ஜ், முத்து மொபைல்ஸ்னு போர்டு போர்டா இருக்கும். ஆனா எங்க கடல்ல கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. எங்க அப்பா பொறக்கறதுக்கும் முன்னாடி. பேரு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு.

இன்னிக்கு எபிசோடே பேரைப் பத்தித்தான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, "அந்தப் பரண்ல கெடக்குற உன் குப்பைய எடுத்துப் போடு"ன்னு அம்மா சொன்னாங்க. ஏறிப் பாத்தா ஒரு பழைய பிஸ்கட் டின். உள்ள முப்பது, நாப்பது முத்துச்சிப்பி ஓடு. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அறிவியல் கண்காட்சிக்காக நான் சேத்து வச்சது. ஒவ்வொண்ணோடயும் ஒரு துண்டுக் காகிதம், ஸ்கெட்ச் பேனா எழுத்து. சிவப்பு முத்துச்சிப்பி. பச்சை முத்துச்சிப்பி. வெள்ளை முத்துச்சிப்பி. கோடு போட்ட முத்துச்சிப்பி. "நம்ம கடலின் நான்கு வகை முத்துச்சிப்பிகள்"னு சார்ட் போட்டு மூணாவது பரிசு வேற வாங்கினேன்.

அந்தச் சார்ட் முழுக்கத் தப்பு. தப்புன்னு அப்பவே ஒருத்தர் சொன்னார்.

கண்காட்சிக்கு முந்தின நாள், திரேஸ்புரத்துல எங்க ஆச்சி வீட்டுக்கு எதிர் வீட்டுத் தாத்தாகிட்ட டின்னைக் காட்டினேன். வாழ்நாள் முழுக்கச் சங்கு குளிச்சவர். அந்த 1961 முத்துக்குளிப்புல இளவட்டமா இறங்கினவர். ஒவ்வொரு ஓட்டையும் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "எய்யா, வெளிய இருக்கது வெறும் மேலுக்கு. உள்ள பாக்காம சிப்பிக்குப் பேரு வைக்காத"ன்னார். "சரி தாத்தா"ன்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். சார்ட் ஏற்கெனவே எழுதி முடிச்சாச்சு, அவ்வளவுதான் காரணம்.

அவர் சொன்ன அந்த ஒரு வரிக்கு வந்து சேர, உலகத்துல பெரிய பெரிய அறிவாளிகளுக்கு ஏறக்குறைய 100 வருஷம் ஆச்சு. அந்தக் கதையத்தான் சொல்லப்போறேன்.

மூடின சிப்பிக்கு ஏலம்

கொஞ்சம் பின்னணி. தூத்துக்குடிக்குத் தெக்க, தாமிரபரணிக் கரையோரம் கொற்கைன்னு ஒரு ஊர். ஒரு காலத்துல பாண்டியர்களோட துறைமுகம். இன்னிக்குக் கடல் விலகிப் போய் உள்நாட்டுக் கிராமமா இருக்கு. கி.பி. முதல் நூற்றாண்டுல கிரேக்க மொழில எழுதின 'பெரிப்ளூஸ்' நூல் இந்த ஊரைக் குறிப்பிட்டு, தண்டனை பெற்ற கைதிகளை வச்சு இங்க முத்துக் குளிக்க வைக்கிறாங்கன்னு சொல்லுது. அப்புறம் 16-ஆம் நூற்றாண்டுல போர்ச்சுகீசியர், 1658-ல டச்சுக்காரர், அதுக்கப்புறம் இங்கிலீஷ்காரர். கொடி மாறினாலும் எல்லாரும் கண் வச்சது ஒரே இடத்துலதான்: கடலுக்கு அடில இருக்குற பார்.

பார்னா கடலடிப் பாறைத் திட்டு. முத்துச்சிப்பி நார் மாதிரி ஒரு இழையைச் சுரந்து அதுல ஒட்டிக்கிட்டு வளரும். ஆழம் சுமார் 15-லேருந்து 20 மீட்டர். குளிக்கிறவர் கால்ல கல்லைக் கட்டி இறங்குவார், கூடைய நிரப்புவார், மேல படகுல இருக்குறவர் கயித்தை இழுப்பார். ஆக்ஸிஜன் சிலிண்டர் கிடையாது. ஒரே மூச்சுதான்.

இப்ப முக்கியமான விஷயம். கரைக்கு வந்த சிப்பியைப் பங்கு பிரிப்பாங்க. இங்கிலீஷ்காரன் காலத்துல ரெண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளிச்சவங்களுக்கு. சர்க்கார் பங்கை ஆயிரம் ஆயிரமா ஏலம் விடுவாங்க. சிப்பியைத் திறக்காமலே. வாங்கினவர் அதை அழுக விட்டு, கழுவி, அலசித்தான் முத்தை எடுக்கணும். அதாவது உள்ள என்ன இருக்குன்னு தெரியாமலே, வெளிய பாத்து விலை சொல்ற வியாபாரம்.

வெளிய பாத்தே பேரு வச்சவங்களும் இருந்தாங்க. ஆனா அவங்க இருந்தது இந்தக் கரையில இல்ல.

கடலைப் பாக்காதவங்க வச்ச பேரு

18, 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுல சிப்பி சேக்குறது பணக்காரங்களோட பெரிய பொழுதுபோக்கு. மாலுமிங்க உலகம் முழுக்க இருந்து ஓட்டை அள்ளிக்கிட்டுப் போவாங்க. உள்ள இருந்த உயிர் செத்து, காஞ்சு, சில சமயம் எந்தக் கடல்ல எடுத்ததுன்ற தகவலே இல்லாம, ஒரு மேஜைல போய் உக்காரும். அந்த மேஜைல இருந்துதான் பேரு வரும்.

1798-ல ஹாம்பர்க் நகரத்துல போல்டன்னு ஒரு மருத்துவரோட சேகரிப்பை விக்கிறதுக்காக ஒரு பட்டியல் அச்சடிச்சாங்க. அதை எழுதினவர் ரோடிங். இன்னிக்கு முத்துச்சிப்பிப் பேரினத்துக்கு நாம சொல்ற 'பிங்க்டாடா'ன்ற பேரு அந்த விற்பனைப் பட்டியல்ல இருந்து வந்ததுதான். அதுல ஒரு சிப்பிக்கு 'இம்பிரிகாட்டா'ன்னு பேரு. வீட்டு ஓடு வேய்ஞ்ச மாதிரி செதில் அடுக்கி இருக்குன்னு அர்த்தம். 1814-ல லீச், 'ரேடியாட்டா'ன்னு வச்சார். கதிர் கதிரா கோடு உள்ளது. 1817-ல ஷூமாக்கர், 'வல்காரிஸ்', சாதாரணமானது. 1850-ல அமெரிக்காவுல கௌல்ட், 'ஃபுகாட்டா'.

இந்த ஃபுகாட்டான்ற லத்தீன் சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? சாயம் பூசினது. அதே சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: போலியானது, ஒப்பனை. தூத்துக்குடி முத்துச்சிப்பியோட அதிகாரபூர்வ அறிவியல் பேரு இன்னிக்கும் 'பிங்க்டாடா ஃபுகாட்டா'. சாயம் பூசின சிப்பி! இதைப் படிச்சப்ப நான் சத்தமா சிரிச்சுட்டேன். பக்கத்து சீட்ல இருந்த கலீக் என்னாச்சுன்னு கேட்டான்.

இது ஒண்ணு மட்டும் இல்ல. 1857-ல லண்டன்ல ரீவ்னு ஒருத்தர், சிப்பி விக்கிறவர், சிப்பிப் படப் புத்தகமும் போடுறவர். அழகான வண்ணப் படங்களோட ஒரே மூச்சுல ஏகப்பட்ட இனங்களுக்குப் பேரு வச்சார். அதுல ஒண்ணு 'சுகில்லாட்டா', அடிபட்டுக் கன்னிப்போன தோல் மாதிரி இருக்கறது. இன்னொருத்தர் வச்ச 'அட்ரோபர்பூரியா'ன்னா கரும் ஊதா. ஒரு படப் புத்தகத்துக்கு நிறம்தான் உயிர், அது நியாயம். ஆனா ஒரு ஜீவனை அடையாளம் காண நிறம் போதுமா?

இங்க என் தொழில் பாஷைல ஒண்ணு சொல்றேன். டேட்டாபேஸ்ல ஒவ்வொரு பதிவுக்கும் பிரைமரி கீன்னு ஒண்ணு வேணும். ஒருத்தரை இன்னொருத்தர்கிட்ட இருந்து எப்பவும் பிரிச்சுக் காட்டுற, மாறாத ஒரு அடையாளம். சட்டை நிறத்தை பிரைமரி கீயா வச்சா என்ன ஆகும்? ஒரே ஆள் திங்கக்கிழமை ஒருத்தர், செவ்வாக்கிழமை வேறொருத்தர். முத்துச்சிப்பிக்கு நடந்தது அதேதான். ஒரே ஜீவனுக்குப் பத்துப் பதிவு.

1901-ல லிஸ்டர் ஜேம்சன், லண்டன் விலங்கியல் கழகத்தோட வெளியீட்டுல முத்துச்சிப்பிகளை மொத்தமா எடுத்து மறுபடி ஒப்பிட்டு, பல பேரை ஒண்ணா மடக்கினார். இலங்கை, இந்தியா, பாரசீக வளைகுடா, செங்கடல்னு பரவிக் கிடக்குறது ஒரே வகைன்னு வல்காரிஸ்ங்கிற பேருக்குக் கீழ கொண்டுவந்தார். அடுத்த வருஷம் ஹெர்ட்மன், ஹார்னல்னு ரெண்டு பேர் இலங்கைக்கு வந்து மன்னார் வளைகுடாப் பார்களை ஆராய ஆரம்பிச்சாங்க. 1903-லேருந்து 1906 வரைக்கும் ஐந்து தொகுதியா வந்த ஹெர்ட்மன் அறிக்கை இன்னிக்கும் முக்கியமான ஆவணம். அதுலயும் இந்தச் சிப்பி வல்காரிஸ்தான். ஒரு நாடாப்புழுவோட இளம்பருவம் உள்ள புகுந்துதான் முத்து உருவாகுதுன்னு அவங்க நம்பினது பின்னாடி நிக்கல. ஆனா ஒரு மாற்றம் வந்துருச்சு. சிப்பியை மேஜைல வச்சுப் பாக்காம, பார்ல இறங்கிப் பாக்க ஆரம்பிச்சாங்க.

நிறம் எங்கேருந்து வருது?

சரி, நிறம் ஏன் இவ்வளவு மாறுது?

முத்துச்சிப்பி ஓட்டுக்கு அடுக்கு உண்டு. வெளி அடுக்கு செதில் செதிலா, தூண் தூணா நிக்கிற சுண்ணாம்புப் படிகம். நிறம் இருக்குறது இங்க. உள் அடுக்கு, பளபளன்னு மின்னுற முத்துப்படலம். முத்துன்றதே அந்த உள் அடுக்குப் பொருள் உருண்டையா சேர்றதுதான்.

வெளி அடுக்கு ஒரு சுவர் மாதிரி. சிப்பிக்கு வயசாக ஆக செதில் தேயும். கடற்பஞ்சும் பாசியும் மேல படரும், பஞ்சு ஓட்டைத் துளைக்கவும் செய்யும். செத்து கரை ஒதுங்கினா வெயில் வெளுக்கும். ஆக, என் டின்ல இருந்த 'வெள்ளை முத்துச்சிப்பி' பாதிக்கு மேல வெயில்ல கெடந்த சிப்பி. 'பச்சை'ல சிலது பாசி. தாத்தா சொன்ன 'மேலுக்கு' இதுதான்.

எல்லாமே அழுக்கும் வெயிலும்தானான்னா, இல்ல. பிறவியிலயே நிறம் மாறுறது உண்டு. ஜப்பான்ல வாடான்ற ஆராய்ச்சியாளர், வெளி அடுக்கு வெள்ளையா இருக்குற சிப்பிகளைத் தலைமுறை தலைமுறையா இனப்பெருக்கம் செஞ்சு பாத்தார். அந்த வெள்ளை பரம்பரையா வருது, ஆனா ஒடுங்கு பண்பா வருது. பிளஸ் டூ பயாலஜில படிச்ச மெண்டல் பட்டாணி ஞாபகம் இருக்கா? அதேதான். பழுப்பா இருக்குற அப்பா அம்மாவுக்கே வெள்ளைப் பிள்ளை பொறக்கலாம்.

இங்கதான் துணையினம்ன்ற கேள்விக்கு விடை இருக்கு. துணையினம்னா, ஒரு இனத்துக்குள்ள ஒரு குறிப்பிட்ட இடத்துல தனியா வாழ்ந்து, மத்த கூட்டத்துலேருந்து சேர்ந்தாப்புல வேறுபட்டு நிக்கிற ஒரு கூட்டம். ஒரே பார்ல, ஒரே தாய்க்குப் பொறந்த ரெண்டு பிள்ளைல ஒண்ணு சிவப்பு, ஒண்ணு வெள்ளைன்னா, அது ரெண்டு துணையினம் இல்ல, அண்ணன் தம்பி. வலம்புரிச் சங்கும் அப்படித்தான். அது தனிச் சங்கு இனம் கிடையாது. சாதாரணச் சங்குக் கூட்டத்துல எப்பவோ ஒண்ணு சுருள் திசை மாறிப் பொறக்குது, அவ்வளவுதான். அதுக்கு விலை தனி, குலம் ஒண்ணு.

துறைமுகத்து வண்டு

இந்த நோய் சிப்பிக்கு மட்டும் இல்ல. நம்ம துறைமுகத்துக்கே வாங்க. வ.உ.சி. துறைமுகத்துல நிலக்கரி, உரம் மாதிரி மரத்தடியும் வந்து இறங்குது. ஆப்பிரிக்காவுலேருந்து தேக்குத் தடி வருது. தடியோட கூட வரக்கூடிய ஒரு விருந்தாளி நீள்கொம்பு வண்டு. உடம்பை விட நீளமா உணர்கொம்பு இருக்கும். அதோட புழு மரத்தைக் குடைஞ்சு உள்ள வாழும். அதனாலதான் இறக்குமதி மரத்தைப் பூச்சி நீக்கின பிறகுதான் உள்ள விடணும்னு தாவரத் தனிமைப்படுத்தல் விதி இருக்கு.

ஆப்பிரிக்க நீள்கொம்பு வண்டுல சிலது நகை மாதிரி அழகு. டிராகோசெஃபாலா நோபிலிஸ்னு ஒண்ணு, கறுப்பு உடம்புல பட்டை பட்டையா நிறம். பட்டை சிலதுல அகலம், சிலதுல குறுகல். நிறமும் வண்டுக்கு வண்டு மாறும். சேகரிப்பாளர்கள் விடுவாங்களா? ஒவ்வொரு மாறுதலுக்கும் ஒரு வகைப் பேரு. ஸ்டீஃபன் வான் பிரூனிங்னு ஒரு ஆஸ்திரியர், நீள்கொம்பு வண்டுகளுக்கு மட்டுமே 7,000-க்கும் மேல பேரு வச்சவர். அவர் பட்டியல்ல இனம், துணையினம் எல்லாத்தையும் தாண்டி வெறும் வடிவ வேறுபாட்டுக்கும் பேரு இருக்கும். குழப்பம் தாங்காம, சர்வதேச விலங்கியல் பெயரிடல் விதி ஒரு கோடு போட்டுச்சு: 1960-க்குப் பிறகு 'வகை', 'வடிவம்'னு சொல்லி வெளியிடுற பேரை அது கணக்குலயே எடுக்காது.

இதுல யோசிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. மரத்துக்குள்ள இருக்குறது வண்டு இல்ல, புழு. புழு வெளிறின வெள்ளை. பட்டையும் இல்ல, பளபளப்பும் இல்ல. நிறத்தை வச்சு எழுதின அத்தனை பேரும் அந்தப் புழு முன்னாடி வாயடைச்சு நிக்கும். துறைமுகத்துல நிக்கிற அதிகாரிக்கு வேண்டியது ஒரே கேள்விக்குப் பதில்: இது நம்ம ஊர் வண்டா, வெளியூர் வண்டா? அதைத் தாடை அமைப்போ, மூச்சுத் துளையோ, டி.என்.ஏ.வோதான் சொல்லும்.

குட்டிச் சிப்பியும் இதே மாதிரிதான். அது எப்படின்னு பாக்க 1970-களுக்குப் போவோம்.

கீல் பல்லு

1961-க்கு அப்புறம் பார்கள்ல குளிப்பு நடத்துற அளவுக்குச் சிப்பி இல்ல. அதே நேரம் ஜப்பான் வளர்ப்பு முத்துல உலகத்தையே கையில வச்சிருந்துச்சு. மிகிமோட்டோ 1893-ல அரை வட்ட முத்து எடுத்ததுல தொடங்கினது அது. அந்த நுட்பத்தை வெளியாருக்குச் சொல்லித் தர அவங்க தயாரா இல்ல. அவங்க பயன்படுத்தின சிப்பி 'அகோயா'. அறிவியல் பேரு 'மார்டென்சி'. நம்ம சிப்பி ஃபுகாட்டா. பேரைப் பாத்தா ரெண்டும் வேற வேற.

தூத்துக்குடில மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோட மையத்துல அழகர்சாமின்ற விஞ்ஞானி தலைமைல 1972-ல வேலை ஆரம்பிச்சுது. ஊருக்கு வடக்க வேப்பலோடைல பண்ணை. நுட்பம் கேக்க எளிமை, செய்யக் கஷ்டம். நன்னீர்ச் சிப்பி ஓட்டுல உருட்டின ஒரு மணி. அதோட, இன்னொரு முத்துச்சிப்பியோட மென்திசுல ஒரு சின்னத் துண்டு. ரெண்டையும் உயிரோட இருக்குற சிப்பிக்குள்ள அறுவை செஞ்சு வைக்கணும். திசு அந்த மணியைச் சுத்தி வளரும், முத்துப்படலத்தைப் பூசும். 1973 ஜூலைல இந்தியாவோட முதல் உருண்டை வளர்ப்பு முத்து வந்துச்சு. மார்டென்சி எதைச் செஞ்சுச்சோ, அதைச் சாயம் பூசின சிப்பியும் செஞ்சுச்சு.

ஆனா ஒரு முத்துக்கு ஒரு சிப்பி வேணும். ஆயிரம் முத்துக்கு? இங்கதான் அடையாளம் காண்றது படிப்பு விஷயமா இல்லாம பிழைப்பு விஷயமா மாறுது. இந்தியக் கடல்ல பிங்க்டாடா இனம் ஆறுன்னு அந்த மையத்தோட நூல்கள் சொல்லுது: ஃபுகாட்டா, மார்கரிட்டிஃபெரா, கெம்னிட்சி, சுகில்லாட்டா, அனோமியாய்டிஸ், அட்ரோபர்பூரியா. கடல்ல கூண்டைத் தொங்கவிட்டா ஒட்டுற குஞ்சுகள் எல்லாம் சின்ன வயசுல ஒண்ணு போலத்தான் தெரியும். தப்பான குஞ்சை எடுத்து ரெண்டு வருஷம் உழைப்பைப் போட்டு வளத்தா, கடைசில கையில இருக்குறது மெல்லிசான, தட்டையான, முத்துக்கு உதவாத சிப்பி.

அவங்க எழுதின அடையாளக் குறிப்பைப் பாருங்க. முதல்ல வர்றது நிறம் இல்ல. கீல்ல பல்லு இருக்கா? கதவுக்குக் கீல் இருக்குற மாதிரி, சிப்பியோட ரெண்டு ஓடும் சேர்ற நேர்க்கோட்டுலயும் ஒரு கீல் உண்டு. ஃபுகாட்டாவுக்கு அதுல முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு சின்னப் பல்லு மாதிரி மேடு இருக்கும். மார்கரிட்டிஃபெராவுக்கு இருக்காது. அப்புறம், காது எப்படி இருக்கு? கீல் கோட்டோட ரெண்டு முனைலயும் ஓடு நீட்டிக்கிட்டு நிக்கும், அதுக்குக் காதுன்னு பேரு. அடுத்து, இழை வெளிய வர்ற பிளவு எப்படி? ஓடு எவ்வளவு குழிவு? உள் படலம் எவ்வளவு தடிமன்? செம்பழுப்பு, மஞ்சள் பழுப்புக் கதிர்க்கோடுகளைப் பத்தியும் எழுதியிருக்காங்க, இல்லன்னு சொல்லல. ஆனா அது கூடுதல் சாட்சி. தீர்ப்பு கீல்லயும் காதுலயும்.

கீல் பல்லைப் பாக்கணும்னா சிப்பியைத் திறக்கணும். தாத்தா சொன்னது அதேதான்.

1981-ல தூத்துக்குடிப் பொரிப்பகத்துலயே முத்துச்சிப்பிக் குஞ்சு உற்பத்தி பண்ணாங்க. அப்புறம் 1980-கள்ல அந்தக் குஞ்சுகளைப் பார்கள்ல திரும்ப விட்டும் பாத்தாங்க. ஒரு சிப்பியைக் கடலுக்குத் திருப்பித் தரணும்னா, முதல்ல அது யாருன்னு தெரிஞ்சிருக்கணும் இல்லையா?

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? முத்து வளர்ப்புல நிறம் ரொம்ப முக்கியம். திசுத் துண்டைக் கொடுக்குற சிப்பியோட உள் படலம் எந்த நிறமோ, முத்தும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் சாயும். அதனால நிறம் பயனில்லாத தகவல்னு நான் சொல்ல வரல. நிறம் ஒரு சிப்பியைப் பத்தின தகவல். ஒரு இனத்தோட எல்லைக்கோடு இல்ல. இந்த ரெண்டையும் மாத்தி எடுத்துக்கிட்டதுதான் பிரச்சினை.

டி.என்.ஏ. தீத்து வச்சுதா?

கேள்வியை மாத்துச்சுன்னு சொல்லலாம். 2006-ல வந்த ஒரு டி.என்.ஏ. ஆய்வு, சீனாவோட ஃபுகாட்டா, ஜப்பானோட மார்டென்சி, ஆஸ்திரேலியால இம்பிரிகாட்டான்னு சொல்லிக்கிட்டு இருந்தது, மூணும் ஒரே இனம்னு சொன்னுச்சு.

ஒண்ணுன்னு ஆனா எந்தப் பேரு நிக்கும்? விலங்கியல்ல விதி, மூத்த பேரே வெல்லும். அப்ப 1798 இம்பிரிகாட்டா. அதனாலதான் சில கட்டுரைல நம்ம சிப்பி 'இம்பிரிகாட்டா ஃபுகாட்டா'ன்னு துணையினமா வரும். இன்னொரு தரப்பு, அட்லாண்டிக் கரைச் சிப்பி இம்பிரிகாட்டா, பாரசீக வளைகுடாப் பக்கம் ரேடியாட்டா, கிழக்க ஃபுகாட்டான்னு மூணாவே வச்சிருக்கு. இந்த ரேடியாட்டா ஒரு ஊர் சுத்தி. 1869-ல சூயஸ் கால்வாய் திறந்துச்சு. 1874-லயே எகிப்தோட மத்தியதரைக்கடல் கரைல பதிவாயிடுச்சு. கால்வாய் வழியா போன முதல் குடியேறிகள்ல ஒண்ணு.

இந்த வாதம் இன்னும் முடியல. ஆனா வாதம் எதை வச்சு நடக்குதுன்னு கவனிங்க. மரபணு, இடம், குஞ்சுப் பருவத்து ஓடு. சிவப்பா பச்சையான்னு இப்ப யாரும் வாதாடறது இல்ல. பேரு மட்டும் இன்னும் 'சாயம் பூசினது'ன்னே நிக்குது. விதி அப்படி; பேரோட அர்த்தம் பொருந்தலன்னு பேரை மாத்த முடியாது.

நான் மறுபடி செஞ்ச தப்பு

இந்த எபிசோட் பண்ணணும்னு தோணினதே இதனாலதான். டின் கிடைச்ச சந்தோஷத்துல, லீவுல ஒரு சின்ன புராஜெக்ட் ஆரம்பிச்சேன். கடற்கரைல பொறுக்கின ஓடு, டின்ல இருந்த ஓடு எல்லாத்தையும் போட்டோ எடுத்து, தானா வகை பிரிக்க ஒரு மாடலைப் பழக்கினேன். லேபிள் நான் தரல. "நீயே பாத்துக் கூட்டம் பிரி"ன்னு விட்டேன். ராத்திரி பூரா ஓடுச்சு. காலைல பாத்தா ரொம்ப அழகா, தெளிவா ரெண்டு கூட்டம். ஐயோ, ரெண்டு துணையினம் கண்டுபிடிச்சுட்டேன்னு ஒரு டீ குடிக்கிற நேரம் நான் மிதந்தது உண்மை.

அப்புறம் ஒவ்வொரு கூட்டத்தையும் திறந்து பாத்தேன். ஒரு கூட்டம் முழுக்கப் பரண்ல பதினாலு வருஷம் இருட்டுல கெடந்த ஓடு. இன்னொண்ணு இந்தப் பொங்கலுக்குக் கரைல பொறுக்கின, வெயில்ல வெளுத்த ஓடு. என் மாடல் கண்டுபிடிச்சது வெயிலை. அதுவும் எல்லாப் போட்டோவும் வெளிப்பக்கம் மட்டும்தான். ஒண்ணைக்கூட நான் திருப்பிப் போட்டு எடுக்கல. பதினாலு வயசுல ஸ்கெட்ச் பேனாவுல செஞ்ச தப்பை இருபத்தெட்டு வயசுல ஜி.பி.யூ.வுல செஞ்சிருக்கேன். ரீவ்வைப் பாத்துச் சிரிக்க எனக்கு யோக்கியதையே இல்ல.

ஒரு வித்தியாசம் இருக்கு. ரீவ்கிட்ட சொல்ல எதிர் வீட்டுல யாரும் இல்ல. என்கிட்ட ஒருத்தர் சொல்லியிருந்தார்.

அந்தத் தாத்தா இப்ப இல்ல. அவர் எந்தப் பார்ல இறங்கினார், எத்தனை நாள் குளிச்சார், திறந்து பாத்தா எதைப் பாக்கணும்னு எதுவுமே நான் கேட்டு வைக்கல. அறிக்கைல ஹெர்ட்மன் பேரு இருக்கு, ஹார்னல் பேரு இருக்கு. பார்ல இறங்கிச் சிப்பியைக் கையால தொட்டு எடுத்தவங்க பேரைத் தேடினா, பெரும்பாலும் எண்ணிக்கைதான் கிடைக்குது. இத்தனை படகு, இத்தனை பேர், இத்தனை சிப்பி. சிப்பிக்கு அஞ்சு பேரு இருக்கு. அதை எடுத்தவருக்கு ஒரு பேரு எழுதி வைக்கல.

ஊர்லேருந்து கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணேன். டின்ல இருந்த பழைய காகிதத்தை எல்லாம் எடுத்துட்டு, ஓட்டை ஒண்ணொண்ணா உள்பக்கம் திருப்பிக் கீல்ல நகத்தை வச்சுத் தடவிப் பாத்தேன். பெரும்பாலான ஓட்டுல முன்னாடி ஒரு சின்ன மேடு, பின்னாடி ஒண்ணு. சிவப்புலயும் இருந்துச்சு, பச்சைலயும் இருந்துச்சு, கோடு போட்டதுலயும் இருந்துச்சு. மூணே மூணு ஓட்டுல மட்டும் எவ்வளவு தடவினாலும் தட்டுப்படல. அந்த மூணும் என் பழைய கணக்குல மூணு வேற வேற நிறத்துல இருந்துச்சு.

புது லேபிள்ல நிறம் எழுதல. பொறுக்கின இடம், எனக்கு நினைவு இருந்த வரைக்கும் வருஷம், கீல் பல்லு உண்டா இல்லையா. இந்தத் தடவை பேனா இல்ல, பென்சில். தப்புன்னா அழிச்சு எழுதலாம்.

உங்க வீட்டுப் பரண்ல, அலமாரில இப்படி ஏதாவது டின் இருந்தா திறந்து பாருங்க. எதிர் வீட்டுல ஒரு தாத்தாவோ ஆச்சியோ இருந்தா, சார்ட் எழுதறதுக்கு முன்னாடியே போய்க் கேளுங்க. கேட்டதை அவங்க பேரோட எழுதி வைங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.